கீழே எரிவது

இருநூற்றுப் பதின்மூன்று சொல்வரை
சண்டையில்லாமல் வந்துவிட்டோம்.
தண்ணீருக்கு ஊமு. பசிக்கு ஆக்.
'பேருந்து வராது' என்பதற்கு ஒரே சொல், இலோ.
அதிகம் புழங்கியது அதுதான்.

வீட்டுக்குள் சௌராஷ்டிரம், படியிறங்கினால் தமிழ்.
ரெண்டு வச்சிருக்கவளுக்கு மூணாவது எதுக்கு
என்று கேட்டான் சேவுகன்.
ரெண்டுலயும் ஆளிருக்காங்க என்றேன்.
அதன்பிறகு நோட்டு அவனே வாங்கிவந்தான், கோடு போட்டது.
எல்லாச் சொல்லும் உயிரெழுத்தில் தொடங்க வேண்டும்.
அவ்வளவுதான் இலக்கணம்.

நிறங்களைக் கடைசிக்குத் தள்ளியது நான்.
எனக்கு அதில் கர்வம் உண்டு.
கீழமாரட் வீதியில் பெயின்ட் கடை,
கலக்கும் எந்திரத்துக்குப் பின்னால் என் நாற்காலி.
பெயர்ந்த காரையோடு வருவார்கள்,
சேலைத் தலைப்பைக் கத்தரித்து வருவார்கள்,
ஒருவர் பல்செட்டைக் கழற்றிக் காட்டி
'ஹாலுக்கு இந்த வெள்ளை' என்றார்.
எதுவானாலும் ஒரு சொட்டு பிசகாமல் தருவேன்.
ஆகவே நாற்பது நிறங்களுக்கு
நாற்பது சொல் எழுதி எடுத்துப்போனேன்.

மஹாலுக்கு எதிர்த்த டீக்கடையில்
பட்டியலை மெதுவாகப் படித்தான்.
நான் ஓரத்தில் தீட்டியிருந்த கட்டங்களில்
ஏழாவதையும் பத்தொன்பதாவதையும் தொட்டு
'இது ரெண்டும் ஒண்ணுதானே' என்றான்.

சிவப்பு.
பச்சை.

ரயில்வே வேலை ஏன் தட்டிப்போனது என்று
மூன்று வருடமாக நான் கேட்டதில்லை.
எழுத்துத் தேர்வில் நல்ல மார்க்.
கண் சோதனையில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டத்தைக் காட்டி
என்ன எண் தெரிகிறது என்றாராம் டாக்டர்.
புழுதி சார், என்றிருக்கிறான்.

அடிக்கப்போன என் பேனாவைப் பிடித்துக்கொண்டான்.
'இருக்கட்டும். எனக்கும் வேற வேறதான்.
காளவாசல் சிக்னல்ல மேல எரிஞ்சா நிப்பேன்,
கீழ எரிஞ்சா போவேன்.'
தக்காளி?
'அமுக்கிப் பாப்பேன்.'

அப்புறம் அவன் முறை.
பச்சைத் தண்ணியில பச்சை எங்க இருக்கு?
பச்சைப் பிள்ளையில? பச்சைப் பொய்யில?
டீ ஆறிக்கொண்டிருந்தது.
அவன் அப்பா செவலை என்பாராம், மயிலை என்பாராம், காரி என்பாராம்,
எல்லாம் மாட்டுக்கு மட்டும்.
செவலையில் ஒரு சட்டை கொடுங்கள் என்று
எந்த ஜவுளிக்கடையிலும் யாரும் கேட்டதில்லை.
மாட்டை விற்றால் நிறமும் கூடவே
வாடிப்பட்டிச் சந்தையில் கைமாறிவிடும்.

அன்றிரவு முப்பத்தெட்டை அடித்துவிட்டு
மிஞ்சிய இரண்டுக்குப் பொருள் எழுதினேன்.

ஓவி: மேலே எரிவது. அமுக்கினால் குழையும். நில்.
எனா: கீழே எரிவது. அமுக்கினால் கெட்டி. போ.

அது தொற்றுநோய் மாதிரி.
கேட்டுக்கு அடிக்க நாலு லிட்டர் பச்சை கேட்டு ஒருவர் வந்தார்.
எண்ணைத் தட்டிவிட்டு நிற்கிறேன்,
வாளிக்குள் போ, போ என்று சொட்டுகிறது.
அடைத்துக்கிடக்கும் கேட்டில் இதைப் பூசி
என்ன செய்யப்போகிறார் என்று தோன்றியது.

ஆவணியில் என் ஜாதகத்தோடு
ஒரு தாளும் அச்சடித்து வந்தது.
உயரம். படிப்பு. நிறம்: மாநிறம்.
ஆரப்பாளையம் நிறுத்தத்தில் நோட்டைப் பிரித்து
இதுக்கு என்ன சொல் என்றேன்.

இந்த நிறத்தைக் கலந்துதரச் சொல்லி
கடையில் யாரும் கேட்டதில்லை.
எனக்கே எண் தெரியாது.

அவன் பார்த்தான்.
முகத்தை, பிறகு தாளைப் பிடித்திருந்த கையை.
புழுதியில் எண் தேடுகிற பார்வை.
'ஓவியா, எனாவா?' என்றேன், சிரிப்பதுபோல.
பேனாவை வாங்கி 216 என்று மட்டும் எழுதினான்.
பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.
மூடியைத் திருகி மூடினான்.

தூரத்தில் பேருந்து திரும்புவது
இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரிந்தது.

'இலோ' என்றான்.